மலையில் ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி

விரலில் ஒட்டியது தார் மாதிரி இருந்தது. ஏற்காட்டில், ஏரியைத் தாண்டிக் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்னறை. ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணிச் சட்டத்தை மெதுவாக நெம்பி எடுத்தேன். உள்ளே பத்து அங்குல வூஃபர், கீழ் ஒலிகளைப் பாடும் பெரிய ஸ்பீக்கர். அதன் காகிதக் கூம்பு, கோன், நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி வளையமாக இருக்க வேண்டிய ஃபோமைத்தான் காணோம். அந்த இடத்தில் கருப்பாக ஒரு களிம்பு. மிச்சம் பொடிப்பொடியாக உதிர்ந்து சட்டத்தின் அடியில் கிடந்தது.

"எலி கடிச்சிருச்சோன்னு நெனச்சேன் தம்பி" என்றார் டீச்சர்.

எலி இல்லை, ஈரம். டீச்சருக்கு எழுபத்தாறு வயது. மலையிலேயே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டிகள் அவருடைய வீட்டுக்காரர் எழுபதுகளின் கடைசியில் வாங்கியவை, வெளிநாட்டுச் சரக்கு. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. கடைசியாக எப்போது பாடின என்று கேட்டேன். "அவர் இருக்கும்போதே ஒரு மாதிரி கரகரன்னு ஆயிருச்சு. அப்புறம் நிறுத்திட்டோம்" என்றார். எந்தக் கம்பெனிப் பெட்டி என்பதை இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் ஃபோம் விளிம்பு வைத்த எல்லோருடைய பெட்டிக்கும் நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்திருக்கிறது.

இரண்டு பெட்டியையும் பழைய போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே இறங்கி, சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் வேலை மேசை இருக்கும் இடத்தில் முன்பு அப்பாவின் குழித்தறி இருந்தது. தறியைக் கழற்றிய பிறகு குழியை மண் கொட்டி மூடி, மேலே சிமெண்டு பூசினோம். அந்த இடத்தில் தரை இன்னும் லேசாக உள்வாங்கியிருக்கும், மேசையின் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறேன். தறி போன இடத்தில் ஸ்பீக்கர் வந்து உட்கார்ந்தது தற்செயல். ஆனால் வருடம் போகப் போக இரண்டும் ஒரே வேலைதானோ என்று தோன்ற ஆரம்பித்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டீச்சரின் பெட்டி வந்தபோது மேசையின் கீழே ஏற்கெனவே வேறொரு ஜோடி காத்திருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் கொடுத்தது. பாட்டு வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் அறுபது நிமிடக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்களே, அந்த மாதிரிக் கடை. நம் நாட்டிலேயே செய்த பெட்டி, பெயர்த் தகடு உதிர்ந்துவிட்டது. கடைவாசலில், தெருவைப் பார்த்த பலகையில், இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஜோடிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டும் ஊமை. ஆனால் ஒன்று ஊமையான விதமும் இன்னொன்று ஊமையான விதமும் வேறுவேறு. ஏற்காட்டுப் பெட்டியை ஏற்காடு கெடுத்திருந்தது, சேலத்துப் பெட்டியைச் சேலம் கெடுத்திருந்தது. ஸ்பீக்கரைத் திறந்து பார்த்தால் அது எந்த வீட்டில், எந்தக் காற்றில் வாழ்ந்தது என்று படிக்க முடியும் என்பதை நான் கற்றது இந்த இரண்டு ஜோடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

முதலில் ஃபோம். அது பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கும். வெயில் படாமல், பாடாமல், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் அறுக்கும். நல்ல நிலையில் 15, 20 வருடம் தாங்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும் ஊர். பீரோவில் இருக்கும் தோல் செருப்பே பூசணம் பூக்கும். அங்கே ஃபோம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிச் சீக்கிரம் அழியும் பொருளை ஏன் வைத்தார்கள்? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அடிப்படை 1925-இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் எழுதி வைத்தது. காந்த இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. நூறு வருடமாக அடிப்படை மாறவே இல்லை. ஆனால் ஆழமான பேஸ், அதாவது கீழ் ஒலி, வேண்டுமென்றால் பீரோ அளவில் பெட்டி வேண்டும் என்ற நிலைமை 1950-கள் வரை இருந்தது. அதை உடைத்தவர் எட்கர் வில்ச்சூர். கோனைப் பிடித்திருக்கும் விறைப்பான விளிம்பும் தாங்கியும்தான் பேஸைக் கெடுக்கின்றன, அவற்றைத் தளர்த்திவிட்டு, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. 1954-இல் தன் மாணவர் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியை மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கி, ஏ.ஆர்.-1 என்ற பெட்டியை வெளியிட்டார். மேசைக்கு மேலே வைக்கிற அளவுப் பெட்டியிலிருந்து அப்படியொரு பேஸ் வரும் என்று அதுவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இதில் என் மனதைத் தொட்ட விஷயம் வேறு. அந்த யோசனையைச் சோதித்துப் பார்க்க ஒரு பழைய ஸ்பீக்கரின் விளிம்பை வெட்டி எறிந்துவிட்டுத் தளர்வான விளிம்பு ஒன்று வைக்க வேண்டியிருந்தது. அதை மெத்தை உறைத் துணியில் செய்து கொடுத்தவர் வில்ச்சூரின் மனைவி ரோஸ்மேரி. அதாவது, இந்த வகைப் பெட்டியின் முதல் விளிம்பு நெய்த துணி. ஃபோம் பின்னால்தான் வந்தது. லேசானது, வளைந்து கொடுக்கும், செலவு குறைவு. இந்த நற்குணங்களோடு ஒரு ஆயுளும் சேர்ந்து வந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மெத்தைத் துணின்னா அடர்த்தியா நெய்ஞ்சிருப்பாங்க, காத்து போகாது. அதான்" என்றார். அம்மா இருபது வருடம் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றியவர். துணி என்றால் உடனே இழை எண்ணிக்கைதான் மனதில் ஓடும்.

வேலைக்கு வருகிறேன். பழைய ஃபோமின் களிம்பை எடுப்பதுதான் முழு வேலையில் பாதி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கோனின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி, மழுங்கிய கத்தியால் வழிக்க வேண்டும். ஈரம் அதிகமானால் கோன் காகிதம் ஊறிப்போகும். ஒரு வூஃபருக்கு எனக்கு ஒரு முழு மாலை ஆனது. இரும்புச் சட்டத்தின் பக்கமும் அதே போலச் சுத்தம் வேண்டும், பழைய பசையின் மேடு இருந்தால் புது விளிம்பு சாய்ந்து உட்காரும். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள்.

புது ஃபோம் விளிம்பு இணையத்தில் கிடைக்கிறது. "பத்து அங்குலம்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கோனின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் உள், வெளி விட்டங்கள், கோன் ஓரத்தின் சரிவு, நான்கையும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே வாங்க வேண்டும். அளவு பிசகினால் கோன் தன் இயல்பான இடத்தில் நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ இழுபட்டு நிற்கும். வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருளும் காந்த இடுக்கில் இடம் மாறி நிற்கும்.

ரப்பர் விளிம்பு போட்டுவிடலாமே, அழியாதே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நானும் இரண்டு நாள் யோசித்தேன். ரப்பர் கனம். கோனின் எடை கூடினால் வூஃபரின் ஒத்ததிர்வு கீழே இறங்கும், கோன் ஓசைக்கு ஆடும் வேகம் மாறும். பெட்டியின் அளவு, உள்ளே அடைத்த பஞ்சு, மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் எல்லாம் லேசான விளிம்பை நினைத்துக் கணக்குப் போட்டவை. ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். ஃபோம்தான் என்று முடிவு செய்தேன். அது மறுபடி அழியும் என்று தெரிந்தேதான்.

ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன் வேண்டாம். பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. வெள்ளைப் பசை, நம் மரவேலைப் பசைதான், காய்வதற்குள் கோனை மையத்துக்குக் கொண்டுவர அவகாசம் கொடுக்கும். அந்த மையம்தான் உயிர்நாடி. வாய்ஸ் காயிலுக்கும் காந்த இடுக்கின் சுவருக்கும் நடுவே இருக்கும் இடம், எழுதும் தாளின் தடிப்பில் சில மடங்குதான். கொஞ்சம் சாய்ந்தால் உராயும், உராய்ந்தால் கரகரப்பு, கடைசியில் காயிலே தேய்ந்து அறுந்துவிடும். கோனின் நடுவில் தூசி புகாமல் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பை மெல்லக் கீறி எடுத்துவிட்டு, காயிலுக்கு உள்பக்கம் சுற்றிலும் மெல்லிய தக்கைகள் செருக வேண்டும். நான் பழைய ஃபோட்டோ நெகட்டிவைக் குறுகலாக வெட்டிச் செருகுவேன். அதே தடிப்பு, வழவழப்பு, பசையும் பிடிக்காது. பசை வைத்து, கவிழ்த்து, துணி கிளிப்புகளை வட்டமாக மாட்டி ஒரு நாள் முழுக்க விட வேண்டும்.

முதல் வூஃபரில் தப்பு செய்தேன். தக்கைகளை எடுத்துவிட்டு, சோதனைக்காக எலெக்ட்ரானிக் தம்பூராவை இணைத்துச் சுருதி போட்டேன். ஒரு கட்டை ஆண் சுருதியில் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், பேஸுக்கு நல்ல சோதனை என்று என் கணக்கு. கேட்க அருமையாக இருந்தது. மறுநாள் ஒரு மிருதங்கத் தனியைப் போட்டபோது, தொப்பி என்ற கனத்த ஒலிப் பக்கத்து அடி ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிறு 'ஸ்ர்ர்'. காயில் உராய்கிறது. அப்படியானால் தம்பூராவில் ஏன் கேட்கவில்லை? யோசித்தபோதுதான் பிடிபட்டது. தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூல் செருகுவார்களே, ஜீவா, அந்த நூல் தரும் ரீங்காரத்துக்குள் என் ஸ்பீக்கரின் கரகரப்பு ஒளிந்துகொண்டது. இசையில் எது உயிரோ அதுவே என் குறையை மூடிவிட்டது. அதிலிருந்து, எந்தப் பாட்டுக்கும் முன்னால், 30 ஹெர்ட்ஸ் வெறும் ஒலியைக் குறைந்த சத்தத்தில் கொடுத்து, காதைக் கோனுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கிறேன். அந்த அளவு கீழான ஒலியில் சுத்தமான ஸ்பீக்கர் ஏறக்குறைய மௌனமாகத்தான் ஆடும். எது கேட்டாலும் அது குறை.

அந்த விளிம்பைப் பிரித்து, மறுபடி வழித்து, மறுபடி ஒட்டினேன். இன்னொரு மாலை போயிற்று.

இப்போது செவ்வாய்ப்பேட்டைப் பெட்டிக்கு. அதில் விளிம்பு துணி, மேலே ஒரு பூச்சு. கெடாமல் இருந்தது. அந்த வறண்ட காற்றில் ஃபோமாக இருந்தாலும் ஏற்காட்டைவிடச் சில வருடம் கூடத் தாங்கியிருக்கும். இங்கே கேடு வேறு வழியில் வந்திருந்தது.

சின்ன வயதில் உடைந்த ரேடியோவிலிருந்து ஸ்பீக்கர் காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, மழை பெய்து ஓய்ந்த தெருவில் மணல் மேல் இழுத்துக்கொண்டு ஓடாத சேலத்துப் பையன் யார்? ஐந்து நிமிடத்தில் காந்தத்துக்குக் கருப்பாகத் தாடி முளைத்திருக்கும். இந்தப் பக்கத்து மண்ணில் அவ்வளவு இரும்பு. கஞ்சமலை முழுக்க மேக்னடைட் தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். ஸ்பீக்கர் எனக்கு முதலில் அறிமுகமானது பாடும் பொருளாக அல்ல, மண்ணிலிருந்து இரும்பு பொறுக்கும் பொருளாகத்தான்.

அதே கருப்புப் பொடி இந்த வூஃபரின் காந்த இடுக்கில் இருந்தது. இருபது வருடம் தெருவைப் பார்த்து உட்கார்ந்த பெட்டி. டஸ்ட் கேப் ஓரம் விட்டுப்போன இடத்தில் புகுந்த தூசியில், இரும்புத் துகளை எல்லாம் காந்தம் பிடித்து வைத்துக்கொண்டது. அதோடு விசைத்தறிப் பக்கத்திலிருந்து வரும் பஞ்சுத் துசும்பும் சேர்ந்து, இடுக்கில் கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு சுருள். ஊதினால் போகாது, காந்தம் விடாது. ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு டேப்பை மடித்து, மெல்ல இடுக்கில் விட்டு, சுற்றி வந்து எடுக்க வேண்டும். டேப் சுத்தமாக வெளியே வரும்வரை திரும்பத் திரும்ப. பதினேழு துண்டு டேப் ஆனது, எண்ணினேன்.

டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் இந்த வூஃபரைக் காட்டியபோது, காந்தத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை. இது அல்நிகோ காந்தம், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. அதைச் சுற்றியுள்ள இரும்பு அமைப்பிலிருந்து பிரித்து எடுத்தாலே வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடும், மறுபடி காந்தமேற்றாமல் திரும்ப வராது. இப்போது பெரும்பாலும் வருவது ஃபெரைட் என்ற பீங்கான் மாதிரிக் காந்தம். 1978-இல் ஜைர் (இன்றைய காங்கோ) நாட்டின் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறியதும், அதுவரை அல்நிகோ வைத்த ஸ்பீக்கர் கம்பெனிகள் பலவும் ஃபெரைட்டுக்கு மாறின. ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு போர் ஸ்பீக்கரின் காந்தம் வரை வந்து தொட்டிருக்கிறது.

அடுத்தது கண்டன்சர். ஏப்ரல், மே மாதத்தில் சேலம் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக் கடைக்குள் எவ்வளவு இருக்கும்! எலெக்ட்ரோலிடிக் கண்டன்சரின் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் உலரும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. இந்தப் பெட்டியில் மேல் ஒலிகளைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் ஒரே ஒரு கண்டன்சர், மேலே 4.7 மைக்ரோ ஃபாரட் என்று அச்சு. மீட்டரில் 6.5 காட்டியது. வயதானால் குறையும் என்று நினைப்போம், பல நேரம் இப்படிக் கூடித்தான் காட்டும், கசிவின் அடையாளம். இதன் விளைவு என்ன? 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 என்றால் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிதான் முழுதாகப் போகும். 6.5 ஆனால் அந்த எல்லை 3,100 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். தாங்க முடியாத ஒலியையெல்லாம் சின்ன ட்வீட்டர் தாங்க வேண்டியிருக்கிறது. பாட்டில் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் எச்சில் தெறிக்கிற மாதிரிக் கேட்டதன் காரணம் இதுதான்.

பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் கண்டன்சர் போட்டேன். காய்ந்துபோக அதில் திரவமே இல்லை. ஆனால் பழைய வகையில் இருந்த சிறு உள்தடை இதில் இல்லாததால் ட்வீட்டர் முன்னைவிடக் கூர்மையாகப் பாடும். அரை ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் வைத்தால் பழைய சாந்தம் திரும்பும். இதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூர்மைதான் முன்னேற்றம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் காதால் கேட்டு நிறுத்திய இடம் ஒன்று இருக்கிறது. நான் போக வேண்டியது அதுவரைதான். அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் புதுப் பெட்டி செய்துகொள்ளலாம், பழையதன் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

இனி, தறியும் ஸ்பீக்கரும் ஒன்று என்று சொன்னேனே, அது.

செவ்வாய்ப்பேட்டை வூஃபர்களில் ஒன்று மல்டிமீட்டரில் எதுவுமே காட்டவில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு பக்கம் காட்டும், அதுதான் சரி. இதில் மின்சாரம் போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது. காயில் எரிந்துவிட்டது என்றால் கதை முடிந்தது. கோனின் முதுகைப் பார்த்தேன். சட்டத்தில் இருக்கும் முனையிலிருந்து கோனுக்குப் போகும் வளையும் கம்பி, கோனைத் தொடும் இடத்தில் அறுந்திருந்தது. இந்தக் கம்பி சாதாரணச் செம்புக் கம்பியாக இருக்க முடியாது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஆடுகிற கோனோடு சேர்ந்து ஆடினால் செம்பு ஒரே நாளில் முறிந்துவிடும். அதனால் பருத்தி நூலின் மேல் மெல்லிய செம்புத் தகட்டு நாடாவைச் சுருட்டிச் சுற்றி, அப்படிப் பல இழைகளைப் பின்னிச் செய்திருப்பார்கள். வளைவதை நூல் பார்த்துக்கொள்ளும், மின்சாரத்தைத் தகடு பார்த்துக்கொள்ளும்.

பூதக்கண்ணாடியை அம்மாவிடம் கொடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சரிகைதானே?"

நான் அசந்துபோய் நின்றேன். வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி நூலின் மேல் சுற்றினால் சரிகை. செம்புத் தகட்டை நூலின் மேல் சுற்றினால் இது. சேலத்து வெண்பட்டு வேட்டியின் கரையில் ஓடுவதும் ஸ்பீக்கரின் முதுகில் ஓடுவதும் ஒரே கைவேலை. பத்து வருடமாக இந்தக் கம்பிகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததில்லை, அம்மாவுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது.

உள்ளே போய்ப் பாட்டியின் புடவையிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய சரிகைத் துண்டைக் கொண்டுவந்தார், இதைப் போட்டுக்கொள் என்று. மீட்டரின் இரண்டு முனையையும் அதில் வைத்தேன். 'பீப்' என்றது. பிளாஸ்டிக் இல்லை, உலோகச் சரிகைதான். அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு. ஆனால் வூஃபருக்குப் போகும் மின்சாரத்தை ஒரு இழைச் சரிகை தாங்காது, அதனால் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எரிந்துபோன வேறொரு வூஃபரின் கம்பியை எடுத்தேன். ஈயம் வைப்பதற்கு முன்னால் அறுந்த நூல் நுனிகளை ஒன்றோடொன்று திரித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. என் விரலில் நிற்கவில்லை. அம்மா இரண்டு நுனியையும் வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு உருட்டு உருட்டினார். அறுந்த பாவு இழையைப் பிணைக்கும் அதே உருட்டு. முடிச்சும் இல்லை, மேடும் இல்லை. அதன் மேல் ஈயம் ஒரு பொட்டு.

அன்றிலிருந்து கோன் கிழிசல் வந்தாலும் அம்மாவிடம்தான் போகிறது. கிழிந்த இடத்துக்குப் பின்னால் டிஷ்யூ தாள் ஒட்டு வைப்போம், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில். நான் கத்தரியால் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டிருந்தேன். "கத்தரிக்காதே, கையால கிழி. ஓரத்துல நார் நிக்கும், அது கோனோட சேந்து படுத்துக்கும்" என்றார். உண்மைதான். வெட்டிய ஓரம் ஒரு படியாக நிற்கும், கிழித்த ஓரம் காணாமல் போகும்.

முன்துணி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பெட்டிக்கு அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மட்டமான நூலில், இழை தள்ளித் தள்ளி, ஒரு கெஜம் நெய்து கொடுத்தார். வாயால் ஊதினால் மறுபக்கம் இருக்கும் தீக்குச்சி அணைய வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஏற்காட்டுப் பெட்டியின் துணியை மாற்றவில்லை. வெளுத்திருந்தது, பூசண வாடை அடித்தது. ஆனால் இழை உறுதி. சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தேன்.

கடைசியாக ஒரு விஷயம். இரண்டு பெட்டியையும் பூட்டி, ஆம்பில் இணைத்துப் போட்டால், ஏற்காட்டு ஜோடியில் பேஸே இல்லை. தனித்தனியாகக் கேட்டால் இருக்கிறது, சேர்த்துக் கேட்டால் காணோம். பாடுகிறவர் குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைந்தது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை வூஃபர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் கோன் முன்னே வந்தது, மற்றொன்றில் பின்னே போனது. ஒரு பெட்டிக்குள் கம்பியை மாற்றிப் பூட்டியிருக்கிறேன். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பேட்டரிச் சோதனையைப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் செய்யுங்கள். எட்டுத் திருகு கழற்றி மாட்டுகிற வேலை மிச்சமாகும்.

ரெக்கார்டிங் சென்டர்காரர் வந்து தன் பெட்டியைக் கேட்டார். நின்றுகொண்டே இரண்டு பாட்டு. பிறகு, பேசாமல் பெட்டியின் பக்கவாட்டில், கடையில் இருந்தபோது விளம்பரத் தாள் ஒட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நீயே வைத்துக்கொள் என்று சொன்னவர், அன்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சந்தோஷம்தான்.

ஏற்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். அம்மாவும் வந்தார். டீச்சர் பெட்டியைப் பழைய இடத்திலேயே, வெளிச்சுவரை ஒட்டி, வைக்கச் சொன்னார். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அந்தச் சுவருக்கு வெளியே மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரம், அதற்குப் பின்னால் காப்பிச் செடி. வேண்டாம் டீச்சர் என்றேன். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், அங்கே ஒரு சாண் தள்ளி வைத்தோம். அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது. மூன்று பேருமாக நகர்த்தினோம்.

கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திக் காட்டினேன். விட்டதும் துள்ளாமல், யோசித்து யோசித்து வருவது போல வெளியே வந்தது. பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். டீச்சரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

வீட்டுக்காரர் வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்துப் போட்டார். ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசவில்லை. வெளியே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஊசி ஓடி முடிந்து தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த ஃபோம் எத்தனை வருஷம் தாங்கும் தம்பி?"

"இங்க ஒரு பதினஞ்சு வருஷம் டீச்சர். அந்தச் சுவர்ல வெச்சிருந்தா அதுவும் தாங்காது."

விரல் விட்டு எண்ணினார். "எழுபத்தாறு, பதினஞ்சு. தொண்ணூத்தொண்ணு." அம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "உங்க பையன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. தொண்ணூத்தொண்ணுல வந்து மாத்திக் குடுக்கணும்."

"நானும் வரேன்" என்றார் அம்மா.